தேறாத படங்கள்

பதினான்கு வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவள், ஒருநாள் வேலையை உதறிவிட்டுக் கேமராவும் கையுமாகக் கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டாள். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கணவன் மட்டும், "விடுங்க மச்சான். இவ்வளவு நாள் லீவு விட்டா பறவைங்களைப் படம் பிடிக்க ஓடினா, இனிமே மாப்பிள்ளைங்க பின்னாடி ஓடட்டும்" என்றான்.

முதல் வேலை, எதிர்வீட்டுத் தையல்காரர் மகளின் கல்யாணம். பறவைகளைப் படமெடுத்த காலத்திலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பாள். இம்மி ஆடியிருந்தாலும் ஈவிரக்கமில்லாமல் அழித்துவிடுவாள். இருநூறில் ஐந்துதான் தேறியது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கர்வம் வேறு. கல்யாணப் படங்களையும் அப்படியே சலித்தாள். அந்தத் தையல்காரர் இருக்கிறாரே, அன்றைக்கு ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கவில்லை. எதில் பார்த்தாலும் கலங்கல், இல்லாவிட்டால் பாதி முகம். தேறியது ஒன்றே ஒன்று, மணமக்கள் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நின்றது.

ஆல்பத்தை ஆஹா ஓஹோ என்றார்கள். அடுத்தடுத்து இரண்டு கல்யாணம் வந்தது. அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது மாதம், தையல் மெஷின்மேல் சாய்ந்த தையல்காரர் எழுந்திருக்கவே இல்லை. சில நாள் கழித்து மகள் வந்தாள்.

"அக்கா, ஆல்பத்துல அப்பா ஒரே படத்துலதான் இருக்காரு. அதுவும் அவர் மாதிரியே இல்ல. மத்ததெல்லாம் உங்ககிட்ட இருக்கும்ல? ஆடியிருந்தாலும் பரவாயில்லக்கா."

கேமரா கார்டில் கோளாறு என்று ஒரு பொய் அவள் நாக்குநுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நம்பிவிடும், பாவம் அந்தப் பெண். இப்போதுதான் நாலு பேர் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். உண்மை வெளியே போனால் தொழிலுக்கே வேட்டு.

"இல்லம்மா. சரியா வரலன்னு நான்தான் அழிச்சிட்டேன். அந்தக் கார்டுல அப்புறம் ரெண்டு கல்யாணம் எடுத்தாச்சு. இனிமே கிடைக்காது."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"அழிக்கறதுக்கு முன்னாடி பாத்தீங்கல்ல?"

"ஒவ்வொண்ணா பாத்தேன்."

"என்ன பண்ணிட்டிருந்தாரு?"

அவள் சொல்லத் தொடங்கினாள். ஒன்றில் குனிந்து, யார் வீட்டுக் குழந்தைக்கோ செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் நாலு நாற்காலியை ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு, வாய்கொள்ளாச் சிரிப்பு. இன்னொன்றில் தூணுக்குப் பின்னால் தனியாக நின்று சட்டைக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுதாரா? என் முன்னாடி அழவே இல்லையேக்கா! சிரிச்சுக்கிட்டேதான் அனுப்பி வெச்சாரு."

"அழுதாரும்மா. ஃபோகஸ் தூண் மேல விழுந்துடுச்சு. தூண் பளிச்சுன்னு இருந்துச்சு, அவர் கலங்கலா இருந்தாரு. அதான் அழிச்சேன்."

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"மண்டபத்துல எந்தத் தூணு, அக்கா?"