மைனஸ் முக்கால் கிலோ சுனிதா

பால்வாடித் தராசில் மாரீஸ்வரியின் மகள் சுனிதா மைனஸ் முக்கால் கிலோ இருந்தாள். மாட்டுங்கா லேபர் கேம்பில் அன்று செவ்வாய்க்கிழமை. குழாய்த் தண்ணீர் வழக்கம்போல் ஐந்தரைக்கு வந்து ஆறரைக்குப் போயிருந்தது. இரண்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்ததும் தராசுத் தூளி மேலே எழும்பி, சேசம்மாள் டீச்சரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. ரிஜிஸ்டரில் பூஜ்யத்துக்குக் கீழே கட்டம் இல்லாததால் டீச்சர் நோட்டைத் தலைகீழாகத் திருப்பி எழுதிக்கொண்டார்.

மாரீஸ்வரிக்கு இது புதிதல்ல. விடிவதற்கு முன் நூற்றைம்பது இட்லியைத் தலையில் சுமந்து ரயில்வே பாலம் ஏறுகிறவள் அவள். ஒருநாள் பிள்ளையை இட்லிச் சட்டியின் கைப்பிடியோடு பழைய சேலையால் கட்டினாள், சட்டி பஞ்சுபோல் லேசாகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எதில் கட்டினாலும் அதன் கனத்தை சுனிதா தின்றுவிடுவாள். உண்மையில் அவள் ஒழுங்காகத் தின்றது அது ஒன்றைத்தான். எதிர்வீட்டு ஆபிரகாம் காஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்ற அவளை அரை மணி நேரம் இரவல் வாங்கிப் போனார். ஆண்டாப் ஹில்லிலிருந்து பீரோவோடு வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். இப்படியும் ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று தெருவே வயிறெரிந்தது.

பிள்ளை சிரிப்பதை விட்டிருந்தது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. முடி செம்பட்டையாகி, பாதத்தை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. உப்பிய முகத்தைப் பார்த்து, "எம் பிள்ள பூசினாப்ல இருக்கா" என்று மாரீஸ்வரி பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏளா, காலைல பிள்ளைக்கு என்ன குடுக்க?" என்றார் டீச்சர்.

"சாயும் பிஸ்கட்டும் டீச்சர்."

"வீட்டுல அவ்வளவு இட்லி அவியுதே!"

"போணி ஆகாம சட்டில கை வைக்கக் கூடாதுல்லா?"

போணி ஆனபின் சட்டி காலியாகும்வரை அவளுக்கு நிற்க நேரமில்லை. இப்படியாக உளுந்தெல்லாம் ஆபீஸ்காரர்கள் வயிற்றுக்குப் போனது.

"இது பூசினது இல்லட்டி, வீக்கம். பருப்பும் முட்டையும் காணாத வீக்கம். இப்படியே விட்டா பிள்ள தங்காது" என்று டீச்சர் சொன்னபோது மாரீஸ்வரிக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் பிள்ளையின் கனம் இன்னும் குறைந்துபோக, பாலத்தின் பாதிப் படியில் சட்டி அவள் தலையை விட்டுக் கிளம்பியது. நூற்றைம்பது இட்லியும் சுனிதாவும் ஓவர்ஹெட் மின்கம்பியை நோக்கிப் போனார்கள். எட்டிச் சேலை முனையைப் பிடித்தவளின் காலும் படியை விட்டு எழும்பிற்று. ஐந்து பதினெட்டு லோக்கல் ரயிலுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நடந்தார்கள்.

"ஏட்டி, இன்னைக்கு நீயே போணி பண்ணு!" என்று கத்தி, தொங்கியபடியே மூடியை விலக்கி, ஒரு இட்லியைப் பிய்த்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். சுனிதா முதலில் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு மென்றாள். அந்த இட்லிக்கு ஒரு முழம் இறங்கினார்கள். இரண்டாவது இட்லிக்கு மாரீஸ்வரியின் செருப்பு படியைத் தொட்டது. அங்கேயே உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று வியாபாரம் நடக்கவில்லை. டீச்சர்தான் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அதற்குப் பிறகு சுனிதா போணி பண்ணாத சட்டி தெருவைத் தாண்டியதில்லை. பருப்பு, முட்டை, மருந்து என்று மூன்று மாதத்தில் அவள் பூஜ்யம் கிலோ ஆனாள். லேபர் கேம்பில் அதற்குப் பாயசம் வைத்தார்கள். சிலிண்டரை இனித் தானே தூக்க வேண்டுமே என்ற வருத்தத்திலும் ஆபிரகாம் இரண்டு டம்ளர் குடித்தார். ஒரு கிலோவுக்குக் கேசரி, இரண்டுக்கு வடை. மூன்றுக்குப் பிறகு தெருவுக்கு அலுத்துவிட்டது.

இப்போது சுனிதாவுக்கு ஐந்து வயது, பதினாறு கிலோ. போன வாரம் நடக்கமாட்டேன் என்று பாலத்தடியில் அடம்பிடித்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள். தலையில் நிறைசட்டி. பாதிப் படியில் கழுத்து நரம்பு புடைக்க மாரீஸ்வரி மூச்சு வாங்குவதைப் பார்த்து ஒரு பையன் ஓடிவந்தான்.

"அக்கா, கனக்குதா? பிள்ளையத் தாங்க."

"கனக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படியில் காலை வைத்தாள்.