கத்தரித்த கையெழுத்தின் மறுபுறம்

ஞாயிறுதோறும் தேவாலயத்திலிருந்து திரும்பியதும் வெண்டெல் ஸ்ட்ராட் மேல்சட்டையைக் கழற்றி மாட்டுவார். கைகளை இருமுறை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஒவ்வொரு விரலாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகே அலமாரியிலிருந்து பச்சைத் தோல் அட்டை போட்ட ஆல்பத்தை இறக்குவார். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில், டன்மோர் என்ற சிற்றூரில் நாற்பதாண்டுகள் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவர் அவர். ஆல்பத்தில் நாற்பத்தொரு கையெழுத்துகள் இருந்தன. தளபதிகளும் நீதிபதிகளும் ஆளுநர்களும் இறகுப் பேனாவால் இட்டவை. பக்கத்தைப் புரட்டும்போது மூச்சு பட்டுவிடக் கூடாதென்று வாயை இறுக மூடிக்கொள்வார். இருநூறாண்டுகளுக்கு முன் உயிரோடிருந்த ஒரு கை இந்தத் தாளின்மேல் அழுந்தியிருந்தது என்ற வியப்பு அவருக்கு ஒருநாளும் சலித்ததில்லை.

அவர் இளைஞராக இருந்தபோதும் சேகரிப்பாளர் சிலரிடம் ஒரு பழைய வழக்கம் மிஞ்சியிருந்தது. கடிதமோ பத்திரமோ அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. சவரத் தகட்டால் கையெழுத்தை மட்டும் நீள்சதுரமாக வெட்டியெடுத்து ஒட்டிக்கொள்வார்கள். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். ஒரு காகத்துக்கு மணியோசைமேல் ஆசை வந்ததாம். மணியைத் தூக்க முடியாததால் அதன் நாக்கை மட்டும் கொத்திக்கொண்டு போய்க் கூட்டில் வைத்தது. கூட்டிலும் ஓசை இல்லை. கோபுரத்திலும் ஓசை இல்லை. காகமோ மணியே தன்னிடம் இருப்பதாக எண்ணிக் கிடந்தது. அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

ஆகஸ்டு மாதத்து முதல் சனிக்கிழமை. தீயணைப்பு நிலைய மண்டபத்தில் சேகரிப்பாளர் சங்கத்தார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊரார் வீட்டிலுள்ள பழைய தாள்களைக் கொண்டுவந்து காட்டி விவரம் கேட்கலாம். வெண்டெலின் பக்கத்து நாற்காலியில் ஹார்லன் பிக்ஸ் அமர்ந்து, சிப்பி வறுவல் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். பழைய ஆவணங்களை வாங்கி விற்பவர், முப்பதாண்டு நண்பர்.

“வெண்டெலு, இன்னிக்கு எத்தனை பேரு சுதந்திரப் பிரகடனத்தைத் தூக்கிட்டு வந்தாங்க?”

“மூணு பேரு. மூணும் பள்ளிக்கூடச் சுற்றுலாவுல வாங்கின நகலு.”

“எனக்கு நாலு. ஒண்ணுல தேநீர் ஊத்திப் பழுப்பாக்கியிருக்கான்யா! சர்க்கரை போட்ட தேநீர் போல. எறும்பு மொய்க்குது.”

அப்போது ஓர் அம்மையார் வந்து எதிரில் அமர்ந்தார். எழுபதை நெருங்கும் வயது, நரைத்த சுருள்முடி, நிமிர்ந்த முதுகு. மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வுபெற்ற லியோனா பர்னெல். அட்டை உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“விலை கேக்க வரல சார். இது விக்கிற பொருளில்ல.”

1807ஆம் ஆண்டின் விடுதலைச் சான்று அது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தார் எங்கு சென்றாலும் உடன்வைத்திருக்க வேண்டிய தாள். ஹெஸ்டர் என்ற பெண், ஐந்தடி ஓரங்குல உயரம், இடது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு, இன்றுமுதல் சுதந்திரமானவள் என்று எழுதியிருந்தது. அடியில், மாவட்ட எழுத்தரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை. நேர்த்தியான நீள்சதுரம். இடது மூலையில் மட்டும் தகடு சற்று வழுக்கிய கீறல்.

வெண்டெலின் கை மேசைக்கடியில் போய்விட்டது.

“அஞ்சு தலைமுறைக்கு முந்தின எங்க பாட்டி” என்றார் லியோனா. “வருஷா வருஷம் சொந்தபந்தமெல்லாம் கூடறப்ப இதை வாசிப்போம். இந்த வருஷம் அடுத்த சனிக்கிழமை கூடறோம். தழும்புன்னு வர்றப்ப பொம்பளைங்க எல்லாரும் அவங்கவங்க மணிக்கட்டைத் தொட்டுக்குவாங்க. ஆனா நான் வந்தது பின்பக்கத்துக்காக.”

தாளைத் திருப்பினார். மங்கிய பழுப்பு மையில் சில வரிகள். ஹெஸ்டர் சொல்லச் சொல்ல ஒரு போதகர் எழுதியவை. ‘என் பிள்ளைகள் லெவின், ஜோப், கம்ஃபர்ட். நான் விடுதலையாகுமுன் என்னிடமிருந்து பிடுங்கி ஜார்ஜியாவுக்கு விற்கப்பட்ட என் மூத்த மகளின் பெயர்’ — அங்கே துளை.

“இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நாப்பது வயசுல கண்ணாடிச் சட்டத்தைப் பிரிச்சப்பதான் பார்த்தேன். கேக்கலாம்னா அப்பா போய்ட்டாரு. வாசிக்கறப்ப இந்த இடம் வந்தா எல்லாரும் ஒரு மூச்சு நேரம் சும்மா நிப்போம். அந்தப் பொண்ணுக்கு எங்ககிட்ட இருக்கறது அவ்வளவுதான். ஏதாவது வெளிச்சம், கண்ணாடி, எதுலயாவது அது தெரியுமா சார்?”

“இல்லாத தாள்ல எழுத்து தெரியாதும்மா” என்றார் ஹார்லன், தணிந்த குரலில். “எவனோ துண்டு பொறுக்கி வெட்டியிருக்கான். அந்த எழுத்தர் பின்னாடி ஆளுநரானவரு. இளவயசுக் கையெழுத்து உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான், அதுவும்…” சொல்லிக்கொண்டே வெண்டெலைத் திரும்பிப் பார்த்தவர், ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

வெண்டெல் அடுத்த சனிக்கிழமை எங்கே கூடுகிறார்கள் என்று மட்டும் கேட்டறிந்தார்.

அன்று பிற்பகலே ஆல்பத்தின் பதினேழாம் பக்கத்தைத் திறந்தார். சேகரிப்பின் மணிமுடி என்று சங்கமே சொல்லும் பக்கம். இடது மூலையில் அந்தக் கீறல் இருந்தது. ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக அதை அழகு பார்த்தவர், தாளுக்கு இரண்டு பக்கம் உண்டென்பதை ஒருமுறையும் நினைத்ததில்லை. மை கலையாதபடி, ஈரமாக்கிய உறிஞ்சுதாளை ஆல்பப் பக்கத்தின் அடியில் வைத்து, பசை இளகும்வரை இரண்டு மணிநேரம் அசையாமல் காத்திருந்தார். பிறகு மாத்திரை எண்ணும் தட்டைக் கத்தியை நுழைத்து, துண்டை நெகிழ்த்திப் புரட்டினார்.

ஒரே ஒரு சொல். சாய்ந்த எழுத்து; இறுதியில் மை தீர்ந்து மீண்டும் தொட்டெழுதிய தடம். அழைத்தால் திரும்பிப் பார்த்திருக்கக்கூடிய ஒரு சிறுமியின் பெயர். வெண்டெல் எழுந்து நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. உட்கார்ந்தபடி அதைப் பார்க்க முடியவில்லை.

ஹார்லன் மாலையில் வந்து பார்த்தார். “உறையில போட்டு அனுப்பிடு. பேரு எழுதாதே. அவங்களுக்கு வேண்டியது கெடைக்கும், உனக்கும் மானம் மிஞ்சும்” என்றார்.

“விலை குடுத்தா வாங்கினேன்னு நெனைக்கிறே? இரவல் வாங்கினேன் ஹார்லன். பெரியவர்கிட்ட படிச்சுட்டுத் தர்றேன்னு சொல்லி வாங்கினேன். மடிச்சுத் திருப்பிக் குடுத்தேன். பிரிச்சுப் பார்க்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டேன்.”

“சங்கத்துல ஒருத்தனும் உன் முகத்துல முழிக்க மாட்டான்.”

“நீ முழிப்பியா?”

“நான் எதுலயும் முழிப்பேன். வியாபாரி.”

அடுத்த சனிக்கிழமை தேவாலயத்தின் பின்புறப் புல்வெளியில் நூறுபேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நீண்ட மேசைகளில் செய்தித்தாள் விரித்து, வெந்த நண்டுகளை மரச்சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்புக்காக லியோனா எழுந்தபோது வெண்டெல் அருகில் சென்றார். கையில் கண்ணாடித்தாள் உறை. உள்ளே அந்தத் துண்டு.

“மிஸ் பர்னெல், இதை வெட்டினது நான்தான். உங்கப்பாகிட்ட இரவல் வாங்கி வெட்டினேன்.”

சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன. லியோனா அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

“வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்தீங்க. அப்பா உங்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கச் சொன்னாரு. நான்தான் கொண்டாந்தேன். ரெண்டு தம்ளர் குடிச்சீங்க.”

“ஆமாம்மா.”

“துளையைப் பார்த்ததுக்கப்புறம் அப்பா யாரையும் வீட்டு வாசல்படி ஏறவிடல. சாகறவரைக்கும். தன்மேலதான் தப்புன்னு நெனச்சுட்டே போய்ட்டாரு.”

“மன்னிப்புக் கேக்க எனக்கு வாயில்ல. இதைக் கொடுக்கத்தான் வந்தேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சங்கத்துலயும் கொடுத்துட்டேன்.”

லியோனா உறையை வாங்கவில்லை. தாளை மேசைமேல், பின்பக்கம் மேலாக விரித்தார்.

“மன்னிக்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம். அது எப்போன்னு நான் சொல்றேன். இப்ப நீங்களே வைங்க. காத்து அடிக்குது, பிடிச்சுக்கோங்க.”

வெண்டெல் துண்டை எடுத்துத் துளைக்குள் பொருத்தினார். கீறல் கீறலோடு சேர்ந்தது. இரு விரல்களால் அதன் ஓரத்தை அழுத்திக்கொண்டு குனிந்து நின்றார்.

லியோனா முன்பக்கத்து வரிகளை மனப்பாடமாகவே சொன்னார். தழும்பு என்ற சொல் வந்தபோது பெண்கள் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டார்கள். பின்பக்கத்து வரிகளை வாசித்து, மூத்த மகளின் பெயர் என்ற இடத்தை அடைந்ததும் பழக்கத்தால் எல்லாரும் மௌனமானார்கள். அந்த மௌனம் வழக்கத்தைவிட நீண்டது. லியோனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“கெத்தூரா” என்றார்.

முன்வரிசையில் ஒருவர் அதைத் திருப்பிச் சொன்னார். அவருக்குப் பின்னால் பத்துப்பேர். பிறகு புல்வெளி முழுவதும். இருநூறாண்டுகளாக எவரும் அழைக்காத அந்தப் பெயரைக் குழந்தைகளும் கிழவர்களும் உரக்க, மெதுவாக, தவறாக, சரியாக அழைத்துப் பார்த்தார்கள்.

முதுகு வலித்தது. வெண்டெல் விரல்களை எடுக்கவில்லை.