ழனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக

நான் முன்கோபி. காரைக்கால் தலத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஃபெர்னான் நன்றாகத் தைப்பான், ஆனால் வாய்க்குள்ளும் ஒரு கத்தரிக்கோல் வைத்திருக்கிறான் என்று. அதை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான் நன்றி கெட்டவன் இல்லை. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எண்பத்து நாலாம் வருஷம் என் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப் போயின. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்று கேட்டார். "ரெண்டு கட்டுங்க" என்றேன்.

விரல்களை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. "ரெண்டு மாசம் பாக்குறேன். பீடியை விட்டீங்கன்னா கால் மிஞ்சும். இல்லேன்னா முட்டிக்குக் கீழ எடுக்கணும். ஒண்ணே ஒண்ணு குடிச்சா என்னன்னு கேக்காதீங்க, அதுவும் ஆகாது" என்றார் டாக்டர். வலது கால் போன தையல்காரன் எந்தக் காலால் மெஷினை மிதிப்பான்? வேறு தொழிலும் எனக்குத் தெரியாது.

வேளாங்கண்ணி மாதா பெயரில் சத்தியம் செய்தேன். இரண்டு நாள் தாங்கியது. மறுபடியும் சத்தியம் செய்தேன். இந்த முறை மூன்று நாள். அந்த மூன்று நாளில் ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டினேன். அதைக் கேட்க வந்த பெண்ணிடம், "உனக்கு எதுக்கு வலது கை?" என்று கத்தினேன். என் மனைவி அமலராணி வைத்த குழம்பைச் சட்டியோடு கொல்லையில் வீசினேன். நாலாம் நாள் காலையில் அதே கொல்லையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் பார்த்துவிட்டாள்.

"மாதாவையே ஏமாத்துற ஆளு. என்னை ஏமாத்த எவ்ளோ நேரமாகும்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். அவள் உள்ளே போய் அழுதாள். அவமானம் பிடுங்கித் தின்றது. அந்த அவமானத்துக்கும் இன்னொரு பீடிதான் பற்றவைத்தேன், என்னத்தைச் சொல்ல.

அவள் எனக்குத் தெரியாமல் என் அக்காவுக்குக் கடிதம் எழுதிவிட்டாள். அக்கா ஜெனேவியேவ் பிரான்சில் இருந்தாள். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அவரோடு போனவள். அங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குக் கூண்டு கழுவி, தீனி வைத்து, தண்ணீர் மாற்றுகிற வேலை அவளுக்கு. அவளிடமிருந்து நாலு பக்கத்துக்குப் பதில் வந்தது.

"தம்பி, அமலா எழுதினதைப் படிச்சேன். உன்னைத் திட்டப் போறதில்ல. என்கிட்ட ஒரு எலி இருக்கு. நம்பர் நாப்பத்தேழு. நம்பரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா? நான் ழனின்னு பேரு வச்சிருக்கேன். காரைக்கால்ல என்கூடப் படிச்ச ழனினுக்கும் மூக்கு அப்படித்தான் இருக்கும். பரம சாது. என் கையிலேருந்துதான் ரொட்டி வாங்கித் தின்னும்.

"அவ கழுத்து நரம்புல சன்னமா ஒரு குழாய் வச்சிருக்காங்க. கூண்டுல ரெண்டு மிதி இருக்கு. ஒண்ணை மிதிச்சா ஒண்ணும் வராது. இன்னொண்ணை மிதிச்சா உன் பீடியில இருக்கே நிக்கோட்டின், அது சொட்டு சொட்டா உள்ள போகும். ரெண்டு வாரத்துல எந்த மிதின்னு கண்டுபிடிச்சுட்டா. அப்புறம் அதையேதான் மிதிச்சா, நீ மெஷின் மிதிக்கிற மாதிரி. ஒருநாள் மருந்தை நிறுத்திட்டாங்க. தம்பி, அந்தச் சாதுப் பிராணி என் விரலைக் கடிச்சிடுச்சு! தீனியைக் கொட்டிச்சு. மூலையில போயி முறைச்சுக்கிட்டு உக்காந்துச்சு. உன் ஞாபகம்தான் வந்துச்சு.

"இங்க இருக்குற டாக்டரம்மாகிட்ட கேட்டேன். மூளையில சட்டைக் காஜா மாதிரி ஓட்டை இருக்காம், நிக்கோட்டின் பட்டன் மாதிரி அதுல போயி மாட்டுமாம். குடிக்கக் குடிக்க மூளை புதுசு புதுசா காஜா வெட்டிக்கிட்டே போகுமாம். திடீர்னு பட்டன் வரலேன்னா அத்தனை காஜாவும் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குமாம். அதான் அந்தக் கோவம். ஆனா விட்டுட்டா, அதிகமா வெட்டினதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மூடிக்குமாம். எலி மூளையில எண்ணிப் பாத்திருக்காங்க. மனுஷனுக்கு இத்தனை நாள்னு சொல்லத் தெரியாதுன்னாங்க. ழனின் பதினெட்டாம் நாள் திரும்ப என் கையிலேருந்து ரொட்டி வாங்கித் தின்னா.

"அவ மாதாவுக்குச் சத்தியம் பண்ணலடா. பாவமும் பண்ணல. அவளுக்கே அப்படின்னா உனக்கு இருக்காதா? பல்லைக் கடிச்சுக்க. ஆளைக் கடிக்காத."

முதல் தடவை படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கூடப்பிறந்தவள் என்னை எலியோடு சேர்த்துவிட்டாளே என்று கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவி இன்னொரு தடவை படித்தேன். ஊரில் எல்லோரும் எனக்கு மனசில் திடமில்லை என்றார்கள். ழனினை யாராவது அப்படிச் சொல்வார்களா? அவளும் கடித்திருக்கிறாள். அவளுக்கும் அந்தக் கோபம் போயிருக்கிறது. ஒரு மலையே நெஞ்சிலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது. பீடிக்கட்டை அமலராணி கையில் கொடுத்து, "அடுப்புல போடு" என்றேன்.

அன்றைக்கு முதல் நாள். இந்த முறை சத்தியம் எதுவும் செய்யவில்லை, நாளைத்தான் எண்ணினேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் குழம்புச் சட்டியைத் தூக்கினேன். அமலராணி இடுப்பில் கை வைத்து, "என்னங்க, ழனின் அஞ்சாம் நாள் என்ன பண்ணிச்சு?" என்றாள்.

"மூலையில போயி உக்காந்துச்சு."

"அப்ப போங்க."

போய் மூலையில் உட்கார்ந்தேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். அதன்பிறகு வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. "ழனின் இன்னிக்குக் கடிக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் எனக்குக் காப்பி தருவாள். பதினெட்டாம் நாள் காலையில் ஒரு துண்டு ரொட்டியை இரண்டு விரலில் பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கையிலிருந்தே தின்றேன். பீடி ஆசை அன்றோடு போய்விட்டதென்று சொன்னால் அது பொய். ஆனால் கழுத்தைப் பிடிப்பதை விட்டுவிட்டது.

கெடு வைத்த இரண்டு மாசத்துக்குள் புண் மூடியது. டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொழைச்சீங்க" என்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்து, துணி எதுவும் வைக்காமல் சும்மாவே மிதித்துப் பார்த்தேன். பிறகு அக்காவுக்கு எழுதினேன்: ழனினுக்கு என் பேரைச் சொல்லி ஒரு முழு ரொட்டி கொடு.

பதில் ஒரே பக்கம்தான். "தம்பி, உன் கால் பொழைச்சதுக்கு இங்க நானும் அத்தானும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினோம். ழனின் இல்லடா. காஜாவை எண்ணணும்னா மூளையை எடுத்துத்தானே எண்ணணும்? அவளுக்கு முந்தி இருந்ததுங்களையும் அப்படித்தான் எண்ணினாங்க. உனக்கு எழுதிப் போட்ட மறு வாரம் அவ முறை. அன்னிக்கும் என் கையிலதான் தின்னா."

பிரான்சிலிருந்து கடிதம் வந்து சேரவே பத்து நாள் ஆகும். அப்படியானால் நான் இங்கே முதல் நாளை எண்ணத் தொடங்குவதற்குள்ளேயே அவள் இல்லை. எனக்கு இது தோன்றவே இல்லை. எண்ணிப் பார்த்தார்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். எப்படி எண்ணுவார்கள் என்று தினமும் காஜா வெட்டுகிற நான் யோசிக்கவில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். யாருக்காகப் பூசை என்று கருத்து எழுதிக்கொள்கிற மரியமுத்து அண்ணன் நோட்டை விரித்தார்.

"நன்றியா, செத்தவங்க இளைப்பாற்றியா?"

"ரெண்டும்."

"ரெண்டுக்கும் இடமில்லப்பா."

"நெருக்கி எழுதுங்க."

"பேரு?"

"ழனின்."

"பிரான்சா? ஞானஸ்நானம் ஆனவங்கதானே?"

"அக்காதான் பேரு வச்சுது" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எலியா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் சாமியார் வாசித்தார்: "ழனின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், ஃபெர்னான் குடும்பத்தாரின் நன்றியாகவும்." அமலராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால், அடுத்த வீட்டுச் செல்வம்மாள் நேரே என்னிடம் வந்தாள். எங்கே துக்கம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"யாரு தம்பி, அக்கா பொண்ணா?"

"அக்கா வளர்த்ததுங்க."

"வயசு?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "ரெண்டு இருக்கும்."

"ஐயோ மாதாவே! பச்சைக் குழந்தையா! என்ன சீக்கு?"

"சீக்கு இல்லீங்க. மூளையில..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. சிரித்துவிடுவேனோ என்று பயந்து அமலராணியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னால், விக்கி விக்கி அழுதேன்.

"அழுங்க தம்பி, அழுதுடுங்க. பச்ச மண்ணு, அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலீங்க" என்றேன். "எனக்கு நல்லதுதான் பண்ணிச்சு."

செல்வம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்காக ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டாள். புண் வந்த நாளிலிருந்து நான் கோயிலுக்கு ரிக்‌ஷாவில்தான் வந்து போய்க்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அமலராணியோடு தலத்தெரு வரைக்கும் நடந்தே போனேன்.