வெளி வட்டத்து நட்டுகள்

“விசிறியை இன்னும் கொஞ்சம் கூட்டு” என்றாள் அம்மா. மகள் எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்தாள். அதற்கு மேல் திருக இடமில்லை. தலைக்கு மேலே விசிறி கழன்று விழுந்துவிடும் போலச் சுற்றிக்கொண்டிருந்தது. மேசை மேல் வைத்திருந்த மருந்துச் சீட்டுகள் அறை முழுக்கப் பறந்துவிட்டன. அப்பா அதைப் பார்க்கவே இல்லை. இடது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் மறுபடியும் ஒரு வட்டம் போட்டார். பிறகு அதைச் சுற்றி இன்னொரு வட்டம், கொஞ்சம் பெரிதாக.

வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது. பேச்சும் போய்விட்டது. மூளைக்குள் ஒரு வாரமாகவே ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது என்றார் மருத்துவர். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். வந்ததிலிருந்து இந்த வட்டம்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் வட்டம்.

அம்மாவுக்கு அது விசிறி. வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்பது அவள் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து அவர் வேர்க்குது வேர்க்குது என்று சொல்லித்தான் அவள் கேட்டிருக்கிறாள். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சுற்றி நிற்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்படுகிறார் என்று அவர் கண்டுபிடித்து, சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் போட்டார். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அப்பா அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு விரல் மட்டும் இன்னும் வேகமாகச் சுற்றியது.

மகள் ஒரு பென்சிலை அந்த விரல்களுக்குள் செருகி, அட்டையில் காகிதம் வைத்துக் காட்டினாள். பழக்கமில்லாத கை. கோணல்மாணலாக இரண்டு வட்டம் வந்தது. பெரிய வட்டத்தின் மேல் வரிசையாகப் புள்ளி வைத்தார். பிறகு அந்தப் புள்ளிகளைக் கிறுக்கி அடித்தார், காகிதம் கிழிகிற வரைக்கும்.

“சூரியனாப்பா?” என்று கேட்டாள்.

அப்பா அவளைப் பார்த்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் துடைத்துவிட்டாள். அதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலை வெயில் ஏறுகிற வேளையில் விரல் நின்றது. அம்மாதான் முதலில் கவனித்தாள். விசிறியைக் குறைக்கச் சொன்னாள்.

அப்பாவை வெளியில் எல்லோரும் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்தில் அவர் ஒருநாள்கூட இருந்ததில்லை. இளவயதில் ஆள் எடுப்புக்குப் போனவரைத் தட்டைப் பாதம் என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் டிப்போவில் வண்டி பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் வீட்டுக்கு மாடி கட்டுவார் என்று அம்மா காத்திருக்க, அவர் பழைய ராணுவ லாரி ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கொல்லையில் நிறுத்தினார். உலகப் போரில் ஓடிய லாரியாம். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்றார். “படுத்த யானைக்குத் தீனி யார் போடறது?” என்று அம்மா கேட்டாள்.

அந்த யானை கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ஆனால் அதற்குச் சாமான் தேடித் தேடியே அப்பாவுக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. அப்படிப்பட்ட லாரிகளை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். எல்லோரும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். எந்தப் பழைய இரும்புக் கடையில் எந்த கியர்பாக்ஸ் மண்ணில் புதைந்து கிடக்கிறது, எந்த மீன்பிடிப் படகின் இன்ஜினில் இருக்கிற பம்ப் இதற்கும் பொருந்தும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருமுறை ஒரு கார்புரேட்டரைக் கோழிக் கறிக் கடையில் கண்டுபிடித்தார். தராசில் எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். அதே எடைக்கு ஒரு கல்லை வாங்கிக் கொடுத்து அதை மீட்டுக்கொண்டு வந்தார். காசு வாங்கமாட்டார். தெரியாததைத் தெரியாது என்பார். அதனால்தான் தெரியும் என்று அவர் சொன்னால் வேதவாக்கு.

சாவு வீட்டில் சித்தப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். வருகிறவர்கள் உட்கார நாற்காலி போதவில்லை, கொல்லை ஷெட்டில் இருக்கும் நீள பெஞ்சை எடுத்துவரச் சொன்னார். மகளும் வெல்டரும் போனார்கள். வெல்டர் அப்பாவின் கூட்டாளி. வாரத்தில் பாதி நாள் அந்த ஷெட்டில்தான் இருப்பார். காலையிலிருந்து வாசல் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தார்.

பெஞ்சின் மேல் லாரிச் சக்கரம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வெல்டர் அதை நகர்த்தக் கைவைத்தவர் அப்படியே நின்றார்.

“இதுல சாக்பீஸ் யாரும்மா போட்டது?”

“அப்பாதான். போன வாரம். யாரோ கேட்டாங்கன்னு படம் புடிச்சு அனுப்பச் சொன்னார்.”

“அனுப்பிட்டியா?”

“அன்னிக்கே அவர் போன்லேர்ந்து அனுப்பிட்டேன். ஏன்?”

வெல்டர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு நிதானமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்த லாரிகளின் சக்கரம் ஒரே தகடு அல்ல. இரண்டு பாதியாகச் செய்து, நடுவே டயரை வைத்து, நட்டு போட்டு முறுக்கியது. வெளி வட்டத்தில் இருக்கிற நட்டுகள் அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. உள் வட்டத்து நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பவை. சக்கரத்தைக் கழற்ற உள் வட்டத்தைத்தான் கழற்ற வேண்டும். டயரில் காற்று இருக்கும்போது வெளி வட்டத்தில் கைவைத்தால் இரண்டு பாதியும் பிய்த்துக்கொண்டு அடிக்கும். எதிரே இருக்கிறவன் முகம் இருக்காது. தொடவே கூடாது என்பதற்காகத்தான் ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தார்கள். வண்டி கைமாறிக் கைமாறி, பெயின்ட் உரிந்து, துருப்பிடித்த பிறகு எது எது என்று எவனுக்குத் தெரியும்? அதற்குத்தான் பட்டாளத்தார். யார் கேட்டாலும் கழற்ற வேண்டிய வட்டத்தின் மேல் சாக்பீஸால் வெள்ளை போட்டு, படம் எடுத்து அனுப்புவது அவர் வழக்கம்.

பெஞ்சின் மேல் இருந்த சக்கரத்தில் வெள்ளை வெளி வட்டத்தில் இருந்தது. ஒரு நட்டு விடாமல், அழகாக.

போன வாரம் அப்பா சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டார். டீயில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று குடித்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பட்டாளத்துக்கு வயசாகிவிட்டது என்று அவளும்தான் கேலி செய்தாள். அவர் தலைக்குள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் இந்தச் சக்கரத்துக்கு வெள்ளை போட்டிருக்கிறார். விழுந்த பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, அது மட்டும் அவருக்குத் தெளிந்திருக்கிறது.

“விசிறி இல்ல” என்றாள். அது யாருக்கும் சொன்னதல்ல.

அப்பாவின் போன் அம்மாவின் தலையணைக்கடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கே ஓடிவந்தாள். படம் போன எண்ணுக்குப் பெயர் இல்லை. திரையை மேலே தள்ளிப் பழைய செய்திகளைப் பார்த்தாள். ஆள் மலைச்சரிவில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். கல்குவாரிக்காரர் ஒருவரிடம் வாங்கிய லாரி. அவள் அனுப்பிய படத்துக்குக் கீழே நன்றி சொல்லியிருந்தார். மைத்துனர் வருகிறார், வந்ததும் இரண்டு பேருமாகச் சக்கரத்தை இறக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தார். மைத்துனர் என்றைக்கு வருகிறார் என்பதை எழுதவில்லை.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. வெளி வட்டத்தைத் தொடாதீர்கள் என்று செய்தி அனுப்பினாள். போய்ச் சேரவில்லை. மறுபடி போன். வெல்டர் தனக்குத் தெரிந்த லாரிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு விசாரித்தார். கோழிப்பண்ணைக்காரரை யாருக்கும் தெரியவில்லை. பட்டாளத்தாரைக் கேட்டுப் பார், அவருக்குத்தான் தெரிந்திருக்கும் என்றார்கள்.

மாலை வந்தது, மனிதர்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் அவர்கள் தோளுக்கு மேலே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். “பெத்த அப்பன் போயிட்டான், இந்தப் பொண்ணுக்கு போனை விட மனசில்ல” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். எதுவானாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தலையைத் தடவிவிட்டுப் போனார். அம்மாவிடம் சொல்லவே முடியவில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பு என்று, அவரை நடுவீட்டில் கிடத்தி வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அழுகைகூட வரவில்லை. அழ வேண்டிய இடத்தில், தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிற அந்தப் பதிவு செய்த குரல்தான் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் சவ வண்டி வந்து வாசலில் பின்பக்கமாக நின்றது. தூக்கப் போகிறார்கள். வெல்டரும் தோள் கொடுக்கப் போனார். போகும்போது, அவர் போனை எடுத்தால் முதலில் காற்றை இறக்கச் சொல்லும்மா, மற்றதெல்லாம் பிறகு என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஷெட் வாசலில் நின்று கடைசியாக ஒருமுறை என்று எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். அவர் கீழே வண்டியிடம் இருக்கிறார், தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால்தான் டவர் கிடைக்கும், கூப்பிடுகிறேன் இருங்கள் என்றாள். மகள் பேசத் தொடங்குவதற்குள் அந்தப் பெண் அங்கிருந்தே கத்திக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கத்தலுக்குப் பின்னால், தூரத்தில், இரும்பின் மேல் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. டங். கொஞ்சம் இடைவெளி. டங். இறுகிப்போன நட்டில் ஸ்பேனரை மாட்டிச் சுத்தியால் தட்டினால் அப்படித்தான் கேட்கும். அப்பா தட்டுவதைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

மேடேறி வந்த ஆளுக்கு மூச்சு இரைத்தது. எண்ணைப் பார்த்திருக்கிறார்.

“ஐயா, நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம்.”

மகள் ஒரு கையால் ஷெட்டின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் அவர் பொண்ணு. வெளி வட்டத்து நட்டைத் தொடாதீங்க. மொதல்ல டயர்ல காத்தை எறக்குங்க. உள் வட்டந்தான் கழட்டணும்.”

“ஐயா படமே அனுப்பியிருக்காரேம்மா. நாலு நட்டு லூஸ் பண்ணிட்டோம். அஞ்சாவதுதான் மசிய மாட்டேங்குது.”

கீழே டங் என்று கேட்டது. மைத்துனர் நிறுத்தவில்லை.

“படம் தப்பு” என்றாள்.

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். மரியாதையான சிரிப்புத்தான். “உனக்குத் தெரியாதும்மா. ஐயா சொன்னா தப்பாகாது. போனை ஐயாகிட்ட குடு, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

முற்றத்தில் தூக்கிவிட்டார்கள். அம்மாவின் குரல் ஒன்று எழுந்து அடங்கியது. நாலு பேர் தோளில் அப்பா நடையைத் தாண்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா திரும்பி அவளைத் தேடினார்.

“அப்பாவால பேச முடியாது” என்றாள். “அவர்தான் சொல்லச் சொன்னார். ரெண்டு நாளா இதையேதான் சொல்லிட்டிருந்தார். விடாம. எங்களுக்குத்தான் புரியல.”

டங் என்றது.

“வெளி வட்டம் வேணாம்னு ஐயாவே சொன்னாரா?”

“ஆமா. அவரேதான்.”

அவ்வளவுதான் வேண்டியிருந்தது அந்த மனிதருக்கு. போனை விலக்கிக்கொண்டு கீழே கத்தினார். மச்சான், ஸ்பேனரைப் போட்டுட்டுத் தள்ளி வா, ஐயா வேணாங்கறாரு. சத்தம் நின்றது. நின்றபடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே காற்று இறங்குகிற நீண்ட சீறல் கேட்டது. மகள் அது முடிகிறவரை கேட்டாள்.

“நல்ல காலம்மா” என்றார் அவர் திரும்பி வந்து. “ஐயாவுக்குச் சுகமில்லையா? தொந்தரவு பண்ணல. ஒண்ணே ஒண்ணுதான். பின் அச்சுல எண்ணெய் ஒழுகுது, ஒரு சீல் வேணும். ஒருத்தர் வீட்டுப் பரண்ல புதுசாவே கிடக்குன்னு ஐயா சொன்னார். யார் வீட்டுலன்னு சொல்லல, அப்புறம் சொல்றேன்னார். அதை மட்டும் அவருக்கு முடியறப்ப கேட்டுச் சொல்லும்மா. அவசரமில்ல.”

“கேட்டுச் சொல்றேன்” என்றாள்.

போனை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அப்பாவை ஏற்றியாகிவிட்டது. சித்தப்பா வண்டியின் பின்கதவைச் சாத்தாமல் பிடித்தபடி அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்.