பின்சக்கரத்து ரப்பர்

சுப்பையா ஓட்டிய பிக்கப் வண்டி அவன் மனைவி அஞ்சலையின் பெயரில் இருந்தது. அப்படிப் பதிந்தால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று பதிந்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி எந்தப் பேச்சு எழுந்தாலும் அஞ்சலை அதில் தன் பங்குக்கு ஒன்று சொல்லாமல் இருந்ததில்லை.

இருவரும் மைசூரில் மண்டி மொஹல்லாவில் குடியிருந்தார்கள். சுப்பையா ஒரு நாள் மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு ராமாபுரம் போவான். மறுநாள் விடிகாலையில் அங்கிருந்து தக்காளியும் பீன்ஸும் ஏற்றி தேவராஜ மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பான். ராமாபுரத்தில் வண்டியைத் தோட்டத்துக்குள்ளேயே பின்னால் எடுத்துப் போய் நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி எடுக்கும்போது, கல்லும் சேறும் தெறிக்காமல் தடுக்கப் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கிய மட்ஃப்ளாப் ரப்பர் வரப்புக்கும் டயருக்கும் நடுவில் மாட்டி ஒரு பக்கம் கிழிந்துபோனது. எரிச்சலில் மறுபக்கத்தையும் கழற்றி எறிந்துவிட்டான். மழை தொடங்கியதும் புது ரப்பர் மாட்டச் சொல்லி அஞ்சலை ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். மாட்டினால் மறுபடி கிழியத்தான் போகிறது என்று அவன் விட்டுவிட்டான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு போலீஸ்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சுப்பையா ராமாபுரத்துக்குச் சரக்கு ஏற்ற மார்க்கெட் பக்கம் போயிருந்தான். வண்டி யாருடையது என்று அவர் கேட்டார். தன்னுடையதுதான் என்றாள் அஞ்சலை. முந்தின நாள் காலை வருணாவைத் தாண்டி, சாலை வேலை நடக்கிற இடத்தில், மொபெட்டில் வந்த கௌரம்மா என்ற பள்ளிக்கூட டீச்சரின் முகத்தில் ஜல்லி ஒன்று தெறித்து அடித்ததாகவும், கண்ணுக்குக் கீழே கிழிந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் சொன்னார். டீச்சருக்கு முன்னால் போனது இந்த வண்டி என்று அங்கே வேலை செய்த ஆட்கள் நம்பரைச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை வண்டியோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அஞ்சலை நேராக மார்க்கெட்டுக்கு நடந்தாள். வண்டி நிற்கிற இடத்தில் சுப்பையாவோடு கெம்பையனும் இருந்தான். அவனும் ஒரு பிக்கப் வைத்து ஓட்டுகிறவன், சுப்பையாவுக்கு நெருங்கின கூட்டாளி. விஷயத்தைக் கேட்டதும் சுப்பையாவின் முகம் வெளுத்துவிட்டது. சத்தம் எதுவும் தன் காதில் விழவில்லை என்றான். பிறகு யோசித்துப் பார்த்து, அதே இடத்தில் ஒரு மணல் லாரி தன்னை முந்திக்கொண்டு போனதைச் சொன்னான். கெம்பையன் அதைப் பிடித்துக்கொண்டான். கல் லாரிச் சக்கரத்திலிருந்தும் தெறித்திருக்கலாம், யாரால் பார்த்துச் சொல்ல முடியும் என்றான்.

அஞ்சலை வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். ரப்பர் தொங்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த போல்ட்டு மட்டும் இருந்தது.

"இப்பவே ரப்பர் வாங்கி மாட்டிருங்க," என்றாள்.

"இப்ப மாட்டினா தப்பு நம்மளுதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும், அஞ்சலை," என்றான் சுப்பையா.

கெம்பையனும் அதையே சொன்னான். கேஸ் முடிகிற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது, இருந்தபடியே இருக்கட்டும் என்றான். அஞ்சலை அவனைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கேஸ் திங்கக்கெழமை. இன்னைக்கும் நாளைக்கும் வண்டி அதே ரோட்டுலதானே போகோணும்? பின்னால யாரும் வரமாட்டாங்களா?"

சுப்பையா தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டத் தொடங்கினான். அஞ்சலை மண்டி மொஹல்லாவுக்குத் திரும்பிப் போய், டயர்க் கடையில் ஒரு ஜோடி ரப்பர் வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் கிளம்புவதற்குள் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகி வைத்தாள். மாட்டச் சொல்லி மறுபடி வற்புறுத்தவில்லை. அவனும் அதை எடுத்து வெளியே போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ராமாபுரத்திலிருந்து திரும்பும்போது சுப்பையா வருணா வழியாக வரவில்லை. மளவள்ளி, பன்னூர் என்று சுற்றிக்கொண்டு வந்தான். ஜல்லி கொட்டாத சாலை, அதனால் நிம்மதியாக வரலாம் என்று நினைத்திருந்தான். ஆனால் இரவெல்லாம் மழை பெய்து குழிகளில் செம்மண் தண்ணீர் தேங்கியிருந்தது. பன்னூருக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. ஒரு ஆளும் பெண்ணும், முன்னால் நின்றுகொண்டு ஒரு சிறு பெண் குழந்தையும். சாதாரண நாளாக இருந்தால் அவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மறந்திருப்பான். அன்று பார்வை சாலையில் நிற்கவில்லை, கண்ணாடிக்கே போய்க்கொண்டிருந்தது. வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியபோது, ஸ்கூட்டர்காரர் ஒரு கையை எடுத்துக் குழந்தையின் முகத்தைத் துடைப்பது தெரிந்தது.

அவன் ஓரமாக ஒதுங்கி ஸ்கூட்டருக்கு வழிவிட்டான். அடுத்து வந்த சைக்கிளுக்கும் ஒதுங்கினான், அதற்கடுத்த மோட்டார் சைக்கிளுக்கும் ஒதுங்கினான். சைக்கிளுக்கு ஒதுங்குகிற பிக்கப்பை அந்த ரோட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மார்க்கெட்டில் தக்காளியை இறக்க வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. தான் வண்டி ஓட்டவில்லை, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

பன்னூரில் ஒரு பஞ்சர் கடையின் முன்னால் நிறுத்தினான். சீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பரை உருவினான். கடைக்காரர் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி இரண்டிலும் ஓட்டை போட்டுக் கொடுத்தார். ரப்பர் கருகிய நாற்றம் கையில் ஒட்டிக்கொண்டது. சுப்பையாவே தரையில் படுத்துப் பழைய போல்ட்டைக் கழற்றி, புது ரப்பரை வைத்து முடுக்கினான். பின்னால் எடுக்கும்போது மேலே தூக்கி மாட்டிக்கொள்ள ஒரு சங்கிலியும் கட்டினான். எழுந்தபோது சட்டை முதுகெல்லாம் சேறு.

மார்க்கெட்டில் கெம்பையன் புது ரப்பரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம், ஆனது ஆகட்டும், கேட்டால் பழசுதான் என்று சொல்லிவிடு என்றான். சொன்னதோடு விடாமல், குழியிலிருந்த சேற்றை அள்ளி இரண்டு ரப்பரிலும் நன்றாகப் பூசியும் வைத்தான். சுப்பையா தடுக்கவில்லை.

வீட்டில் அஞ்சலை ரப்பரைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி அழுக்காக இருக்கக்கூடாது என்று வாளியில் தண்ணீர் கொண்டுவந்து முழுதும் கழுவினாள். ரப்பரையும் தேய்த்துக் கழுவினாள். சுப்பையா வாசலில் பல் விளக்கியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனில் டீச்சரின் புருஷன் பசவராஜ் உட்கார்ந்திருந்தார். மைசூரில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. தூக்கமில்லாத கண்கள். சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கழுவியதில் ரப்பர் பளபளவென்று கறுப்பாகத் தொங்கியது. இது எப்போது மாட்டியது என்று கன்னடத்தில் கேட்டார். அஞ்சலைக்குச் சுப்பையாவைவிடக் கன்னடம் நன்றாக வரும். ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"நேத்து மாட்டினதுங்க சார்," என்றான் சுப்பையா, கன்னடமும் தமிழும் கலந்து. "வெள்ளிக்கெழமை ரப்பர் இல்லீங்க. கிழிஞ்சுதுன்னு கழட்டிட்டேன். லாரியும் ஒண்ணு போச்சு. யாருது கல்லுன்னு எனக்குத் தெரியாதுங்க."

பசவராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். இந்த ஆள் பொய் சொல்வான், அந்தப் பொய்யைக் கிழிக்க வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் பேசி வைத்திருந்ததெல்லாம் இப்போது உதவாமல் போனது. கண் தப்பியது, தையல் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார், அதையும் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தே சொன்னார்.

லாரியைக் கண்டுபிடிக்க வழியில்லை. கல் யார் சக்கரத்திலிருந்து தெறித்தது என்று நிரூபிக்கவும் வழியில்லை. ரப்பர் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் போட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று அஞ்சலை தானாகவே சொன்னாள். பசவராஜ் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்து டீச்சரைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

கெம்பையன் இதைக் கேட்டுவிட்டு, தன் கழுத்தில் தானே கயிறு மாட்டிக்கொண்ட ஆள் என்று சுப்பையாவைப் பல நாள் கேலி செய்தான். அதற்குப் பிறகு சுப்பையா கெம்பையனோடு டீ குடிக்கப் போவது குறைந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் அஞ்சலையும் வண்டியில் ராமாபுரம் போய்த் திரும்பினாள். வருணாவைத் தாண்டின ஊரில் டீச்சரின் வீட்டை விசாரித்து நிறுத்தச் சொன்னாள். சுப்பையா இறங்க மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டான். அஞ்சலை ஒரு பையில் தக்காளி எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

கௌரம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. வந்தது யார் என்று தெரிந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கல் உங்கள் வண்டியுடையதா, லாரியுடையதா என்று கேட்டாள்.

"தெரியலைங்கம்மா," என்றாள் அஞ்சலை. "எங்களுதாவும் இருக்கலாம்."

கௌரம்மா தலையாட்டினாள். தக்காளிப் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். வாசலில் மொபெட் சாக்குப் போட்டு மூடியிருந்தது. இப்போதெல்லாம் எந்த வண்டிக்குப் பின்னால் போனாலும் கண் தானாக மூடிக்கொள்கிறது, அதனால் பஸ்ஸில்தான் போகிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கதவைப் பூட்டினாள்.

அஞ்சலை வந்து ஏறியதும் என்ன சொன்னார்கள் என்று சுப்பையா கேட்டான். அவள் சொன்னாள். அவன் சாவியைத் திருப்பவில்லை. கௌரம்மா குடையை விரித்துக்கொண்டு, வண்டிக்குப் பின்பக்கமாக, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போனாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவன் வண்டியை எடுத்தான்.