மேவிஸ் வழிவிடுவதில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஆர்லோ பென்னர் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஜோஸ்லினின் பட்டியல் அவன் மேசைமேல் கிடந்தது. நிறுவனம் தயாரிக்கும் கணினி விளையாட்டை ஆடிப் பார்த்துப் பிழைகளைக் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. நாற்பத்து மூன்று பிழைகள். அதில் முப்பத்தொன்று மேவிஸைப் பற்றியவை. பதினேழாவது இப்படி இருந்தது: "மருந்துக்கடை வாசலில் மேவிஸ் நிற்கிறாள். நான் கடைக்குள்ளே. வெளியே வர முடியவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தேன். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். சாப்பிடப் போனேன். திரும்பி வந்தேன். நிற்கிறாள்." பதினெட்டாவது: "அதே வாசல், அதே மேவிஸ். இந்த முறை கடை எரிகிறது."

மூன்று வருடமாக அவர்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டு அது. உலகம் அழிந்து இருபது வருடம் ஆகியிருக்கும். புல்வெளிகளெல்லாம் எரிந்துபோன பிறகு, சாம்பல் மூடிய ஊர்கள் வழியாக ஆடுபவர் வடக்கே நடந்துபோக வேண்டும். கூடவே ஒரு துணையாளைக் கூட்டிப்போகலாம். மொத்தம் ஐந்து பேர்: முகமூடி போட்ட துப்பாக்கிக்காரன், பாதி உடைந்த இயந்திர மனிதன், மூன்று கால் நாய், வாயைத் திறந்தால் பொய் சொல்லும் வைத்தியர், அப்புறம் மேவிஸ். மேவிஸுக்கு அறுபத்தெட்டு வயது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்று பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டவள். பள்ளிக்கூடம் போய்விட்டது, பிள்ளைகள் போய்விட்டார்கள், 'நில்' என்று எழுதிய சிவப்புப் பலகை மட்டும் அவள் கையில் இருக்கிறது. சுடத் தெரியாது. ஆனால் அவள் பலகையைத் தூக்கினால் கொள்ளைக்காரர்கள்கூட ஒரு கணம் நின்றுவிடுவார்கள். அவர்களும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே.

அவளை எழுதியவன் ஆர்லோ. அவளுக்கு ஒரு பழக்கத்தையும் அவனே வைத்தான். எந்த வாசலைக் கடப்பதாக இருந்தாலும் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்பாள். பார்த்து முடிப்பதற்குள் யாராவது முதுகில் இடித்தால் முதலிலிருந்து பார்ப்பாள். ஒட்டி நின்றாலே இடித்ததாகத்தான் கணக்கு. ஆடுபவர்கள் அவசரக்காரர்கள், ஒட்டித்தான் நிற்பார்கள். எழுதும்போது அவனுக்கு அது தோன்றவில்லை.

பத்து மணிக்கு ரெஜான் அவனைக் கூப்பிட்டார். நிறுவனத்தை நடத்துபவர், செயின்ட் போனிஃபஸ் பகுதிக்காரர், கெட்ட மனிதர் இல்லை. ஜூனில் விளையாட்டு வெளியே போகிறது, வாசலில் மாட்டிக்கொண்டவன் அடுத்த நாளே அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிச் சிரிப்பான் என்றார். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தானே உட்கார்ந்து ஆடிப் பார்க்கப்போவதாகவும் சொன்னார். அதற்குள் சரியாகவில்லை என்றால் மேவிஸை எடுத்துவிடலாம், நான்கு பேர் போதும். சொல்லிவிட்டுக் கதவருகே நின்றிருந்தவர் பின்னால் நகர்ந்து, சுவரோடு ஒட்டி, அவனுக்கு வழிவிட்டார்.

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவன் மனைவி லினெட் இறந்து பதினான்கு மாதமாகிறது. அவன் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து காபி இயந்திரத்தின் முன்னால் நிற்பவர்கள் அவனைக் கண்டால் விலகினார்கள். நடைவழியில் எதிரே வருபவர்கள் ஓரமாக நின்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். அன்பில் செய்வதுதான். அவனும் நன்றி சொல்லிக் கடந்துபோனான். யார்மேலும் தோள் இடித்து வெகுநாளாகிவிட்டது என்பது ஒருநாள் பேருந்தில் போகும்போது அவனுக்குத் தெரிந்தது. அதனால் வருத்தம் என்று எதுவும் தோன்றவில்லை. அப்போதெல்லாம் எதுவும் தோன்றுவதில்லை. ஜோஸ்லின் மட்டும் ஒதுங்கமாட்டாள். கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பவள் அவள். யார் எதிரே வந்தாலும் அவளுக்குத் தெரியாது.

முதல் வழி சுலபமானது. மற்ற நான்கு பேரும் வழியில் நின்றால் அவர்களுக்குள் புகுந்து போய்விடலாம், புகைக்குள் நுழைவதுபோல. மேவிஸுக்கும் அதையே வைத்தால் போதும். ஐந்து நிமிட வேலை. வைத்துவிட்டு ஆர்லோ மருந்துக்கடைக்குள் போய்த் திரும்பி வாசலை நோக்கி நடந்தான். பாதியில் நின்றான். திரை முழுக்க மேவிஸின் தலையின் உட்புறம். முகம் உள்ளிருந்து பார்க்க வெறும் தோலாக, முகமூடியைக் கவிழ்த்துப் பிடித்ததுபோல இருந்தது. கண்விழிகள் இரண்டும் பின்பக்கம் காட்டி மிதந்தன. பல்வரிசை தனியாகத் தொங்கியது. அவள் இடது பக்கம் பார்த்தாள். பற்களும் திரும்பின. செய்ததை அழித்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றான். கீழே வண்டி நிறுத்தத்தில் கறுத்துப்போன பனிக்குவியலின்மேல் யாரோ கையுறை ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

எழுதி முடித்த அன்று ஐந்து பேரைப் பற்றியும் லினெட்டுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். யாரைக் கூட்டிக்கொண்டு போவாய் என்று கேட்டான். யோசிக்கவே இல்லை, மேவிஸ் என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இரண்டாவது வழிக்குப் புதன்கிழமை முழுவதும் போனது. இடித்தால் மேவிஸ் ஓரடி ஒதுங்கி, பலகையை இறக்கி, தலையைத் தாழ்த்தி வழிவிடுவாள். நன்றாகவே வேலை செய்தது. வியாழன் காலை ஜோஸ்லின் ஐம்பது வாசல்களில் இடித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை உருட்டிக்கொண்டே அவன் மேசைக்கு வந்தாள். கையில் பாதி தின்ற டோனட்.

"யோவ் பென்னர், பிழை போச்சு. ஆளும் போயிட்டா."

என்ன குறை என்று கேட்டான்.

"இடிச்சா ஒதுங்குறா. தலையத் தொங்கப் போட்டுக்கிறா. எழவு வீட்டுல நிக்கிற மாதிரி இருக்கு. நம்ம ஆபீஸ்ல எல்லாரும்..." அங்கே நிறுத்தினாள். டோனட்டைப் பார்த்தாள். பிறகு, "சரி, சொன்னது சொன்னதுதான்," என்றாள்.

ஆர்லோவுக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்புதான். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே தன் திரைக்குள் போய்விட்டான். ஜோஸ்லின் போகாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தப் பதினேழாவது பிழையைப் பற்றிக் கேட்டான்.

"மாட்டிக்கிட்டேன்னு ஒரு நிமிஷத்துல எழுதிட்டு வந்திருக்கலாமே. எதுக்கு இருபது நிமிஷம் நின்ன?"

அவள் தோளைக் குலுக்கினாள். "அவ பாத்துக்கிட்டே இருந்தா. ரோட்டுல ஒண்ணுமே கிடையாது, காக்காகூட இல்ல. ஆனா அவ பாக்குறதப் பாத்தா அடுத்த தடவ என்னமோ வந்துடும்போல இருந்துச்சு. சரி, பாப்போம்னு நின்னேன்." விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தாள். "சம்பளத்துக்குத்தானே நிக்கிறேன், எனக்கென்ன."

அன்று மதியம் அவன் மேவிஸின் குரல் பதிவுகளைத் திறந்தான். நானூறு வசனங்கள். புதிதாக எதையும் பதிவு செய்ய நேரமில்லை. கனடிய வாத்துக்கூட்டம் சாலை கடக்கும் காட்சி ஒன்று விளையாட்டின் தொடக்கத்தில் இருந்தது. அங்கே மேவிஸ் இரண்டு வரி பேசுவாள். அதோடு அந்த வரிகளின் வேலை முடிந்துவிடும். அவற்றை எடுத்தான். புதன்கிழமை செய்ததையெல்லாம் கழித்துவிட்டு அவளைப் பழையபடி வாசலில் நிறுத்தினான். மூன்று முறை இடித்தால் அவள் திரும்பிப் பார்த்து அந்த வரிகளைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சேர்த்தான். எரிகிற வீடாக இருந்தால் பக்கம் பார்க்காமல் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்தான். அது அவன் தப்புதான், ஒப்புக்கொள்ள வேண்டியது. இது சரிவரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஜோஸ்லினும் பார்த்துவிட்டுச் சரிவராது என்றாள். ரெஜானுக்கு மின்தூக்கிக்குக் காத்திருக்கக்கூடப் பொறுமை கிடையாது, மூன்று மாடியும் ஏறித்தான் வருகிறார் என்றாள். ஆனாலும் மாற்றச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ரெஜான் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். ஆர்லோ கடைசியில் நின்றான். முன்னால் இருந்தவர்கள் விலகப் பார்த்தபோது வேண்டாம் என்று தலையசைத்தான். ரெஜான் வேகமாக ஆடுபவர். மருந்துக்கடைக்குள் நுழைந்து, அலமாரியைத் துழாவி, இரண்டு கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு திரும்பினார். வாசலில் மேவிஸின் முதுகு. இடித்தார். இடித்தார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மூன்றாவது முறை இடித்தபோது மேவிஸ் திரும்பினாள். அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தை இவ்வளவு அருகில் அங்கே யாரும் பார்த்ததில்லை.

"ஒரு அடி பின்னால நில்லு கண்ணு. நானே கூப்பிடுறேன்."

ரெஜான் மறுபடியும் இடித்தார். அவள் அதையே சொன்னாள், அதே பொறுமையோடு. இன்னும் இரண்டு முறை. அவருடைய காது சிவந்தது. ஜோஸ்லின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்லோ தன் இதயம் அடிப்பதைக் கேட்டான். எவ்வளவு நாளாக அது அவனுக்குக் கேட்கவில்லை என்று யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் ரெஜான், எரிச்சலிலோ ஓடிவந்து மோதுவதற்கோ, ஓரடி பின்னால் எடுத்துவைத்திருந்தார்.

மேவிஸ் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். வெளியே இறங்கி, இருபது வருடமாக ஒரு வண்டியும் போகாத சாலையின் நடுவில் போய் நின்று, பலகையை உயர்த்தினாள்.

"இப்ப வா."

ரெஜான் சாலையைக் கடந்தார். அடுத்தது தபால் நிலையம். தெருக்கோடியில் இருந்தது. அவர் வழக்கம்போல ஓட, மேவிஸ் வெகுதூரம் பின்தங்கிவிட்டாள். தபால் நிலையத்தின் கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் மறிப்பார் யாரும் இல்லை. உள்ளே போய்த் தேவையானதை எடுத்துக்கொண்டு அவள் வருவதற்குள் வெளியே வந்துவிடலாம். அவர் வாசற்படி வரை போனார். நின்றார். பிறகு திரையில் தெரு மெதுவாகச் சுழன்றது. வந்த வழியையே திரும்பிப் பார்த்தார்.

சாம்பல் பொழிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மேவிஸ் வந்துகொண்டிருந்தாள், வலது முழங்காலைச் சற்று இழுத்து, அவசரமே இல்லாமல். ரெஜான் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு அவள் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.