மிச்சப் பெயின்ட்

இடது கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, கணவரின் தாடையை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினாள் அவள். சோப்பு நுரைக்குள் அவர் சிரிப்பது தெரிந்தது.

"சிரிக்காதீங்க. வெட்டிடும்."

"வெட்டினா என்ன, இன்னைக்கோ நாளைக்கோ போற முகம்தானே."

அவள் வலது கன்னத்தில் கத்தியை வைத்தாள். நேற்று டாக்டர் வாசலில் நின்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னது எப்படியோ இவர் காதில் விழுந்திருக்கிறது. நுரையீரல் இனித் தாங்காது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

அவர் பெயின்டர். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் சுவர்களுக்கு வர்ணம் அடித்தார். வேலை முடிந்ததும் டப்பாவின் அடியில் கிடப்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வருவார். அதனால் அந்த இரண்டு அறை வீட்டில் ஒரு சுவர் இன்னொரு சுவரோடு ஒத்துப்போகாது. கட்டில் பக்கம் ஆஸ்பத்திரிப் பச்சை, ஜன்னல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து மஞ்சள், சமையலறையில் ஏதோ பேக்கரியின் ரோஸ். வருகிறவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். "ஆண்டவர் அளந்து குடுக்கிறவர் இல்லீங்க. எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரிதான் குடுப்பார்" என்பார்.

அந்தப் பேச்சு ஒரு காலத்தில் அவளுக்கு வேம்பாகக் கசந்தது. ஒரே மகள், எட்டு வயது, நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். நமக்கு என்ன மிச்சம் வைத்தார் என்று அவள் ஒரு முறை கேட்டாள். அவர் பெயின்ட் காய்ந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மறுநாள் காலை வழக்கம்போல ஜெபத்துக்கு உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆனால் அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் அவள் வாயிலிருந்து ஒரு ஜெபமும் வரவில்லை. சாரம் சரிந்து விழுந்து அவர் இடுப்பு உடைந்து எட்டு மாதம் படுத்திருந்தபோதும், அவள் ஊரார் துணியைத் தைத்துக் குடும்பத்தை ஓட்டியபோதும், ஜெபித்தது அவர்தான். அவள் கடைசியில் 'ஆமென்' மட்டும் சொல்வாள். நீயும் ஜெபி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக் கண்ணாடியைக் காட்டினாள்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்." மூச்சு இரண்டு முறை தடுக்கியது. "மணி என்ன?"

"ஏழரை."

"ஜெப நேரம்."

கையைக் கூப்பப் பார்த்தார். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் காற்று இல்லை. மறுபடி முயன்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மூச்சு பத்தல. இன்னைக்கு நீ சொல்லு. நான் ஆமென் சொல்றேன்."

"எனக்கு வராதுங்க."

"வர்றது வரட்டும்."

"எனக்கு அவர் மேல கோவம் இருக்கு."

"தெரியும். அதையே சொல்லு. நானே இத்தனை வருஷம் உன் கோவத்தைத் தாங்கிட்டேன். அவர் தாங்க மாட்டாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தெருவில் ஒரு லாரி பின்னால் நகர்ந்து போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

"ஆண்டவரே," என்றாள். "பாப்பாவை ஏன் கூப்பிட்டுக்கிட்டீங்கன்னு எனக்கு இன்னும் புரியல. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் பேசாம இருந்தேன். நான் பேசலன்னு நீங்க எங்களை விட்டுடல. அது தெரியும். இந்த மனுஷனை எனக்கு முப்பத்திரண்டு வருஷம் குடுத்தீங்க. அது..." அவர் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். "அது எனக்கு அதிகம்தான். இப்ப இவருக்கு மூச்சு முட்டுது. பார்த்துக்குங்க."

"ஆமென்," என்றார் அவர், தெளிவாக. சற்றுக் கழித்து, "நல்லா இருந்துச்சு. கொஞ்சம் நீளம்," என்றார்.

பத்து மணிவாக்கில் ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. கையை விடாமல், அவர் நெற்றியில் உதட்டை வைத்தாள்.

மதியத்துக்குள் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தபின், எழுந்து சமையலறைக்குள் போனாள். பாஸ்டர் வந்து கட்டிலருகே முழங்காலிட்டு எழுந்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனேம்மா. கடைசி நேரத்துல ஜெபிக்க யாரும் இல்லாம போச்சே."

"நான் ஜெபிச்சேன் ஐயா," என்றாள் அவள்.

டீயும் ரொட்டியுமாக வந்த நாத்தனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் அருகில் வந்து தட்டை அவள் மடியில் வைத்தாள்.

"காலையிலேருந்து பச்சைத் தண்ணி கூட குடிக்கல நீங்க. ஒரு வாயாவது சாப்பிடுங்க அண்ணி."

தொண்டையில் இறங்காது என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு துண்டை டீயில் நனைத்து வாயில் வைத்தாள். இறங்கியது. வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டிலிருந்ததை முழுதும் தின்று முடித்து, அவள் கோப்பையை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள்.